மாடிஃபை செய்த டீசல் பிக்கப் ஸ்லோவில் உதறுகிறதா? இன்ஜெக்டரில் கை வைக்குமுன் பார்க்க வேண்டியவை

நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று 750 ஆர்பிஎம்மில் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடுகிறது. மணிக்கு 0.6 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால், அந்த ஒரு மணி நேரத்தில் இன்ஜெக்டர்கள் மொத்தம் 90,000 தடவை பீய்ச்சுகின்றன. வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு ஏழு கன மில்லிமீட்டர்கூட வராது. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஏழில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு இன்ஜெக்டர் இரண்டு கன மில்லிமீட்டர் குறைவாகப் பீய்ச்சுகிறது என்றால், முழு ஆக்சிலேட்டரில் 80 கன மில்லிமீட்டர் போகும் இடத்தில் அது யாருக்கும் தெரியாது. ஸ்லோவில் அதுவே முப்பது சதவீதம். ஸ்டீயரிங் கையில் நடுங்கும். "ஓட்டினா பறக்குது, நிறுத்தினா உதறுது" என்று பலரும் ஆச்சரியப்படுவது இதனால்தான். பெரிய நாசில் (இன்ஜெக்டரின் முனை), ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), கூடுதல் பிரஷர் எல்லாமே அந்த 80 என்ற பெரிய அளவுக்காகச் செய்கிற வேலைகள். ஏழு என்ற சின்ன அளவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஆகவே உதறலைத் துரத்தும்போது சின்ன அளவுகளைக் கெடுக்கும் விஷயங்களை முதலில் பாருங்கள். இன்ஜெக்டர் செட்டை மாற்றுவது கடைசி வேலை. பெரும்பாலானவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலில்: உதறுவது என்ஜினா, வண்டியா?

கேலியாகத் தோன்றலாம், ஆனால் மாடிஃபை செய்த வண்டியில் இது உண்மையான கேள்வி. ரப்பர் மவுண்டிங்கை எடுத்துவிட்டு பாலியூரிதேன் மவுண்டிங் போட்டால், என்ஜினின் இயல்பான துடிப்பே கேபினுக்குள் வந்துவிடும். சில வண்டிகளில் என்ஜின் மவுண்டிங்கை வேக்குவம் கொண்டு இறுக்கித் தளர்த்துவார்கள். டர்போ வேலையின்போது அந்த மெல்லிய ஹோஸ் கழன்றிருந்தாலும் ஸ்லோவில் கேபின் நடுங்கும்.

நானே ஒருமுறை ஸ்கேனர் காட்டும் இன்ஜெக்டர் திருத்த எண்களை (பின்னால் விளக்குகிறேன்) பார்த்துக்கொண்டே இரண்டு வாரம் வீணாக்கினேன். எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, வண்டி மட்டும் உதறியது. கடைசியில் புதிதாகப் போட்ட மூன்று அங்குல எக்சாஸ்ட் பைப் சேசிஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி கொடுத்ததும் உதறல் நின்றது.

டூயல் மாஸ் ஃப்ளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல்) எடுத்து சாதாரண ஒற்றை ஃப்ளைவீல் போட்டிருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. நியூட்ரலில் ஸ்லோவில் விட்டு கிளட்சை மிதியுங்கள். கடகடப்பு போய்விட்டால் அது கியர்பாக்ஸ் பற்சக்கரங்கள் தட்டும் சத்தம். என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; அந்த மாற்றத்தோடு கூடவே வருவது.

பானட்டைத் திறந்து என்ஜினையே பாருங்கள். ஆயில் மூடியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். என்ஜினே தாளம் தப்பித் துள்ளுகிறது என்றால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

உதறலை எண்ணுங்கள்

கருவி எதுவும் வேண்டாம், காதும் கையும் போதும். 750 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 6.25 முறை எரிகிறது. ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் உதறலும் அதே வேகத்தில், நொடிக்கு ஆறு தடவை, தவறாமல் வரும். இடிக்கும் தாளம் மாறவே மாறாது. அப்போது நீங்கள் தேட வேண்டியது ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை.

உதறல் தாளமில்லாமல், ஒருமுறை இங்கே ஒருமுறை அங்கே என்று வந்தால் டீசலில் காற்று கலந்திருக்கலாம், அல்லது எல்லா இன்ஜெக்டரும் அளவு தடுமாறுகின்றன. என்ஜின் வேகமே ஏறி இறங்கி, ஒரு நொடிக்கு ஒருமுறை, இரண்டு நொடிக்கு ஒருமுறை ஊஞ்சல் ஆடினால் அது சிலிண்டர் கோளாறு அல்ல. பம்ப், பிரஷர் கட்டுப்படுத்தும் வால்வ், பழைய வண்டியானால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், இவற்றில் ஒன்று.

எப்போது உதறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகையோடு உதறி, இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிட்டால் முதலில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் பிளக்கின் தடை ஒரு ஓம் அளவில் இருக்கும். மீட்டரில் முடிவிலி காட்டும் பிளக் செத்தது. எல்லா பிளக்கும் நன்றாக இருந்து காலையில் மட்டும் உதறினால் காம்ப்ரஷன் மேல் சந்தேகம் போக வேண்டும். அதிக பூஸ்ட்டுக்காக (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) காம்ப்ரஷன் விகிதம் குறைந்த பிஸ்டன் போட்ட என்ஜின் காலையில் கொஞ்சம் முனகத்தான் செய்யும். சூடான பிறகு மட்டும் உதறினால் பெரும்பாலும் தேய்ந்த பம்ப், தேய்ந்த இன்ஜெக்டர்; சூட்டில் டீசல் நீர்த்து இடுக்குகளில் கசிகிறது.

கடைசியாக மாற்றியதைத் திருப்பி மாற்றுங்கள்

உதறல் எந்த வேலைக்குப் பிறகு வந்தது? பதில் தெரிந்தால் அந்த வேலையைப் பின்னோக்கிச் செய்வதுதான் மலிவான சோதனை.

பிரஷர் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகும் டியூனிங் பாக்ஸ் இருந்தால் அதை இன்றே கழற்றி ஒரிஜினல் சாக்கெட்டைச் செருகிப் பாருங்கள். இந்தப் பாக்ஸ்கள் செய்வது ஒரு பொய் சொல்லும் வேலை. உள்ளே இருக்கும் பிரஷரைவிடக் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டும். கம்ப்யூட்டர் பிரஷரை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்துக்குள் அதிக டீசல் போகும். நல்ல பாக்ஸ் ஸ்லோவில் ஒதுங்கிக்கொள்ளும். மட்டமானது ஸ்லோவிலும் பொய் சொல்லும். அப்போது கணக்கிட்டு வைத்த ஏழு கன மில்லிமீட்டர் எட்டாகி ஒன்பதாகி, என்ஜின் கரகரவென்று தட்டிக்கொண்டு உதறும்.

ரீமேப் செய்த வண்டியானால் ஒரிஜினல் ஃபைலை ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் நாசிலும் பெரிதாகியிருந்தால் ஒரிஜினல் ஃபைல் இன்னும் மோசமாக ஓடும். அந்தச் சோதனையிலிருந்து ஒன்றும் தெரியாது.

டீசல் வரும் வழி

என் அனுபவத்தில் மாடிஃபை செய்த வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கூடுதல் டேங்க், வெளி ஃபில்டர், தண்ணீர் பிரிப்பான், தனி எலக்ட்ரிக் பம்ப் என்று ஒவ்வொன்றும் இரண்டு புது ஹோஸ் இணைப்புகளைக் கொண்டுவரும். டேங்கிலிருந்து பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதால் "லீக் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஹை பிரஷர் பம்ப்புக்கு முன்னால் உள்ள ஹோஸை எடுத்துவிட்டு ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாகப் போடுங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் பாருங்கள். முதலில் சில குமிழிகள் போவது சகஜம். தொடர்ந்து குமிழி ஓடினால் காற்று புகுகிறது. பிறகு டேங்கைத் தவிர்த்து, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து நேராக உறிஞ்ச விடுங்கள். உதறல் நின்றால் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில்தான் குற்றவாளி. ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், இரட்டைக் கிளாம்ப் போடாத மென்மையான ஹோஸ், தேய்ந்த விரைவு இணைப்பு, டேங்குக்குள் வெடித்த உறிஞ்சு குழாய் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.

ஃபில்டரை மாற்றும்போது பழையதைக் கவிழ்த்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்கேனரில் எதைப் பார்ப்பது

காமன் ரெயில் என்ஜினானால் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு ஹை பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) எரர் கோடு மட்டும் படித்து மூடிவிடாதீர்கள். நேரலை எண்களில்தான் விஷயம் இருக்கிறது. என்ஜின் 80 டிகிரி சூடான பிறகு, ஏசியும் விளக்குகளும் அணைந்திருக்க, இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் பிரஷர், உண்மையில் இருக்கும் ரெயில் பிரஷர். ஸ்லோவில் பெரும்பாலான என்ஜின்களில் இது 250 முதல் 400 பார் வரை. இரண்டும் ஒட்டி ஓட வேண்டும். உண்மை எண் கேட்ட எண்ணைச் சுற்றி மேலும் கீழும் அலைந்து, என்ஜின் வேகமும் கூடவே அலைந்தால், பம்ப்பில் இருக்கும் டீசல் அளவு கட்டுப்படுத்தும் வால்வ் சிக்கித் திணறுகிறது. பல பம்ப்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம். மாற்றிய பிறகு ஸ்கேனர் வழியாகப் புது வால்வைக் கற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டிய வண்டிகளும் உண்டு.

அடுத்து சிலிண்டர் வாரியான திருத்த அளவு. ஒவ்வொரு சிலிண்டர் எரிந்ததும் கிராங்க் எவ்வளவு வேகம் எடுத்தது என்று கம்ப்யூட்டர் அளக்கிறது. சோம்பல் சிலிண்டருக்குக் கொஞ்சம் கூட்டியும், துடியான சிலிண்டருக்குக் குறைத்தும் கொடுக்கிறது. இந்தத் திருத்தங்களைக் கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம் வரும். அதனால் ஒரு சிலிண்டரில் கூட்டல் நான்கு கன மில்லிமீட்டர் இருந்தால் மற்ற மூன்றிலும் கழித்தல் தெரியும். அந்த மூன்றையும் கெட்டது என்று நினைத்துவிடக்கூடாது. ஒன்றுக்குள் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் அந்தச் சிலிண்டரில் ஏதோ இருக்கிறது. துல்லியமான எல்லையை உங்கள் என்ஜினின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

கூட்டல் என்றவுடன் "இன்ஜெக்டர் அடைத்துவிட்டது" என்று ஓடாதீர்கள். காம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் அதே எண்ணைத்தான் காட்டும். இன்னொன்று: கிளட்ச் வேலையின்போது சென்சார் படிக்கும் பல் வளையம் வளைந்திருந்தாலோ ஃப்ளைவீல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினாலோ, கம்ப்யூட்டர் தவறாக அளந்து நன்றாக இருக்கும் சிலிண்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

குற்றவாளிச் சிலிண்டரைப் பிடிப்பது

இங்கே ஒரு எச்சரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. ஓடும் காமன் ரெயில் என்ஜினில் எந்த ஹை பிரஷர் பைப்பையும் தளர்த்தாதீர்கள். ஸ்லோவில் இருக்கும் 300 பாரே தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தப் போதும். பார்க்க ஊசிக் குத்து மாதிரி இருக்கும், விரலையே எடுக்க வேண்டிவரும். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். லீக் தேட அட்டையைப் பிடித்துப் பாருங்கள், கையை அல்ல. என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பிரஷர் இறங்கவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பீசோ வகை (மின்சாரம் பாய்ந்தால் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டரின் சாக்கெட்டை ஓடும்போது உருவுவதும் கூடாது. அதில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. இன்ஜெக்டர் திறந்த நிலையிலேயே நின்றுவிடலாம்.

பல ஸ்கேனர்களிலேயே ஒவ்வொரு சிலிண்டராக அணைக்கும் வசதி இருக்கும். நல்ல சிலிண்டரை அணைத்தால் உதறல் கூடும்; செத்த சிலிண்டரை அணைத்தால் ஒன்றுமே மாறாது. ஸ்கேனர் இல்லாவிட்டால், ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். எரியாத சிலிண்டர் மட்டும் பின்தங்கி நிற்கும்.

பிடித்தபின் முதலில் பாருங்கள் இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷரை. சின்னப் பொருள், ஆனால் பழைய வாஷரையே மறுபடி போட்டு, அல்லது இருக்கையில் ஒட்டிய கரியைச் சுரண்டாமல் போட்டு வரும் உதறல் ஏராளம். அறிகுறி: இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்புத் தார் போலக் கரி, "சுக் சுக்" என்று காற்று விடும் சத்தம். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி வரும்.

அடுத்தது ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, மூன்று நிமிடம் ஸ்லோவில் ஓட்டுங்கள். எல்லாப் பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு இருந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது.

இன்னும் சந்தேகமா? சந்தேகப்படும் இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரில் இருப்பதோடு இடம் மாற்றுங்கள், புது வாஷரோடு. இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்து பொறித்திருக்கும் குறியீட்டையும் கம்ப்யூட்டரில் அதே மாதிரி மாற்றி எழுத வேண்டும். இதை மறந்தவர்கள் இல்லாத கோளாறை உருவாக்கிக்கொள்வார்கள். கூட்டல் நான்கு என்ற எண் இன்ஜெக்டரோடு கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டர் கெட்டது. பழைய சிலிண்டரிலேயே தங்கிவிட்டால் காம்ப்ரஷன் பாருங்கள். பெரும்பாலான டீசல்களில் 20 முதல் 32 பார் வரை எதிர்பார்க்கலாம், ஆனால் அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் மூன்று நான்கு பார் குறைந்தால் டேப்பட் இடைவெளி, வால்வ் இருக்கை, ரிங், ஹெட் கேஸ்கெட் என்று போக வேண்டியதுதான். ஹெட் இறக்கி ஏற்றிய என்ஜினில் டேப்பட்டை முதலில் பாருங்கள்.

காற்றுப் பக்கம்

இங்கே பெட்ரோல் என்ஜின் பழக்கம் தடுமாற வைக்கும். டீசலில் ஸ்லோவுக்கான டீசல் அளவைத் தீர்மானிப்பது என்ஜின் வேகம். காற்றளவு சென்சார் அல்ல. ஸ்லோவில் பூஸ்ட்டும் கிட்டத்தட்ட இல்லை. அதனால் இன்டர்கூலர் ஹோஸ் லீக் கரும்புகையும் இழுவைக் குறைவும் தரும், உதறல் தருவது அபூர்வம்.

ஆனால் எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் ஈஜிஆர் வேறு கதை. ஈஜிஆர் வால்வ் திறந்தபடி சிக்கினால் புகையையே மறுபடி மறுபடி மூச்சிழுத்து என்ஜின் உதறும். காற்றளவு சென்சார் இந்த வழியில்தான் உள்ளே வருகிறது: 70 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 76 மில்லிமீட்டர் குழாயில் அதைப் பொருத்தினால் பரப்பு 18 சதவீதம் கூடிவிடும், சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்லும், கம்ப்யூட்டர் ஈஜிஆரைத் தவறான அளவில் வைக்கும். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டரின் எண்ணெய் சென்சாரில் படிந்தாலும் இதே விளைவுதான். என்ஜினை நிறுத்தி, சென்சார் சாக்கெட்டை உருவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பல கம்ப்யூட்டர்கள் உடனே ஈஜிஆரை மூடிவிடும். உதறல் நின்றால் இந்தப் பக்கம் தேடுங்கள். ஈஜிஆரையே தகடு போட்டு அடைப்பதைப் பலர் தீர்வாகச் சொல்வார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். மேலும் வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்ய ஒரு மதியம்தான் ஆகும்.

பெரிய நாசில் போட்டவர்களுக்கு

மேலே எல்லாம் சரி, எல்லா இன்ஜெக்டரும் நல்லவை, ஆனாலும் உதறுகிறது. அப்படியானால் பிரச்சினை அளவில். முப்பது சதவீதம் அதிகம் பீய்ச்சும் நாசிலில் அதே ஏழு கன மில்லிமீட்டருக்கு இன்ஜெக்டர் இன்னும் குறைந்த நேரமே திறக்க வேண்டும். நேரம் மிகக் குறையும்போது ஊசி முழுதாக எழும்பும் முன்பே மூடச் சொல்லும் உத்தரவு வந்துவிடுகிறது. பாதி எழும்பிய ஊசி ஒருமுறை ஐந்து விடும், மறுமுறை எட்டு விடும். முதன்மைப் பீய்ச்சலுக்கு முன் வரும் ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர் முன்பீய்ச்சலோ சில சமயம் வராமலேகூடப் போகும். அந்தத் தடவை மட்டும் என்ஜின் "டக்" என்று அடிக்கும்.

இதற்கு மருந்து டியூனரிடம் இருக்கிறது. முதலாவது, நாசிலுக்கு ஏற்ப திறக்கும் நேர அட்டவணையை, முக்கியமாக அதன் சின்ன அளவுப் பகுதியை, திருத்தி எழுத வேண்டும். பலர் மேல்பகுதியை மட்டும் திருத்திவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, ஸ்லோவில் ரெயில் பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அதே அளவுக்குத் திறக்கும் நேரம் நீளும், ஊசி நிதானப்படும். ஒரு தடவைக்கு 20 பார் என்று இறக்கி, ஒவ்வொரு முறையும் திருத்த எண்களையும் புகையையும் பாருங்கள். அதிகம் குறைத்தால் டீசல் சரியாகத் தூவாது. நாசில் வாங்கும்போதே, முழு அளவில் மட்டுமல்ல, ஸ்லோ அளவிலும் நான்கும் எவ்வளவு விடுகின்றன என்ற பெஞ்ச் ரிப்போர்ட் கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழைய மெக்கானிக்கல் பம்ப்

சுழல் வகை விஇ பம்ப்பில் ரிட்டர்ன் போல்ட்டில் மட்டும் ஒரு நுண்துளை இருக்கும், தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். அதையும் உள்ளே வரும் போல்ட்டையும் மாற்றிப் போட்டால் பம்ப்பின் உள் பிரஷர் தாறுமாறாகும். ஐந்து நிமிட வேலை, முதலில் பாருங்கள். பி7100 போன்ற வரிசைப் பம்ப்பில் கடினமான கவர்னர் ஸ்பிரிங்கும் பெரிய டெலிவரி வால்வும் போட்டிருந்தால் ஸ்லோ சற்று அலையும். எல்லா டெலிவரி வால்வும் ஒரே செட்டா, அவற்றின் ஹோல்டர்கள் ஒரே டார்க்கில் இறுகியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். டைமிங்கை (டீசல் பீய்ச்சும் தருணத்தை) அதிகம் முன்தள்ளியிருந்தால் ஸ்லோவில் கடினமாகத் தட்டும். இந்தப் பம்ப்களில் மட்டும் பழைய முறைப்படி, துணி சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் நட்டாக அரைச் சுற்று தளர்த்திச் செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வயரிங்

விஞ்ச், லைட் பார், கூடுதல் பேட்டரி உள்ள வண்டியில் எர்த் பாருங்கள். எல்லாவற்றையும் போட்டு ஓடும்போது என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் கம்ப்யூட்டர் கற்றுவைத்த பழைய திருத்தங்களை அழித்து, அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூடான என்ஜினில் ரெயில் பிரஷரையும் நான்கு சிலிண்டர் எண்களையும் தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை ஏதாவது மாற்றும்போது ஒப்பிட அது வேண்டும். எண்கள் எல்லாம் ஒன்றுக்குள் இருந்தும் இருக்கையில் கொஞ்சம் அதிர்வு மிஞ்சினால், ஸ்லோவை 750இலிருந்து 800க்கு ஏற்றிப் பாருங்கள். புது மவுண்டிங்கோடும் புது எக்சாஸ்ட்டோடும் ஒத்து அதிரும் வேகத்திலிருந்து என்ஜின் விலகிவிட்டால் அதுவும் அடங்கும்.